தீர்த்தம் குடித்த கம்ப்யூட்டர்

எங்கள் ஊர்ப் பாஸ்குவில் பன்னிரண்டு வருஷம் ஆண்டவருக்குக் குரல் கொடுத்தவர் ஒரு பஸ் கண்டக்டர். அவர் என் வீட்டுக்காரர். ஆண்டவரைக் காட்டிக்கொடுக்கிறவனுக்குக் குரல் கொடுத்தவர் என் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு பேரையும் மைக்குக்கு முன்னால் உட்கார வைத்து, "சரியா வரல, திருப்பிச் சொல்லுங்க" என்று விரட்டி விரட்டிப் பதிவு செய்தவள் நான். இதில் யார் பட்ட பாடு பெரிது என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

பாஸ்கு என்பது ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகம். பெரிய வெள்ளியன்று எங்கள் கோயில் மைதானத்தில் நடக்கும். திண்டுக்கல்லிலிருந்து கொடைரோடு போகிற பாதையில் இறங்கி உள்ளே நடந்தால் வருகிற சின்ன ஊர்தான். ஆனால் அன்றைக்குச் சுற்று வட்டாரத்துச் சம்சாரிகள் எல்லாரும் நெற்றியில் திருநீறோடு டிராக்டரில் ஏறி, பாயும் கையுமாக வந்து இறங்குவார்கள். அவ்வளவு கூட்டத்துக்கு மேடையிலிருந்து பேசினால் முன்வரிசை தாண்டாது. அதனால் வசனம் முழுவதையும் முன்கூட்டியே பதிவு செய்து குழாய் ஸ்பீக்கரில் போட்டுவிடுவோம். மேடையில் நிற்பவர்கள் வாயை அசைத்தால் போதும்.

அந்தப் பதிவெல்லாம் இருந்த கம்ப்யூட்டர் எங்கள் வீட்டு முன்னறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. வாங்கியது நாடகக் கமிட்டி. வைத்துக்கொள்ளச் சொன்னது என்னை. நான் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் கிளார்க். எனக்குத் தெரிந்தது வேகமாக டைப் அடிப்பதும் டி.சி. பிரிண்ட் எடுப்பதும்தான். அது ஊருக்குப் போதுமானதாக இருந்தது. 'கம்ப்யூட்டர் படிச்ச அம்மா' என்று பெயர் வந்துவிட்டது, அந்தப் பெயரை நானும் மறுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் அவர் "உள்ள தள்ளிப் போங்க" என்று ஒரு தடவை சொன்னால் ஆட்கள் உள்ளே போவார்கள். இரண்டாம் தடவை சொல்ல அவசியம் வந்ததில்லை. முதல் வருஷப் பதிவில், சுமை தூக்கி அலுத்துப் போனவர்களை ஆண்டவர் தம்மிடம் அழைக்கிற வசனத்தை அவர் சொன்ன விதத்தில், எழுந்து போய்ப் படியில் ஏறிவிடலாமா என்று எனக்கே இருந்தது. "ஏங்க, கடைசி பஸ்ஸுக்குக் கூப்புடுற மாதிரி இருக்கு. கொஞ்சம் இரக்கமாச் சொல்லுங்க" என்றேன். "ஏறலைன்னா அவங்களுக்குத்தானே கஷ்டம்?" என்றார். பதினோராவது தடவைதான் இரக்கம் வந்தது. வந்தபிறகு அந்தக் குரலுக்கு நிகரில்லை. அது ஸ்பீக்கரில் வரும்போது சுண்டல் விற்கிறவர்கூடக் கரண்டியை நிறுத்திவிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. மதுரையில் ஆப்பரேஷன். ஆள் பிழைத்தார், குரல் பிழைக்கவில்லை. இப்போது வாயைத் திறந்தால் வருவது காற்று மட்டும்தான். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால் சொல் கேட்கும். டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்துவிட்டார்கள். வீட்டில் என்னைக் கூப்பிட அவர் தன் பழைய விசிலை எடுத்துக்கொண்டார். ஒரு விசில் என்றால் வா, இரண்டு விசில் என்றால் சரி, போ. நான் குளிக்கும்போது ஒரு நாள் ஒரு விசில் அடித்தார். தலையில் சீயக்காயோடு ஓடி வந்தால், சீரியல் ஆரம்பித்துவிட்டது என்று டி.வி.யைக் காட்டுகிறார். அன்றைக்கு அந்த விசிலைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டேன். மறுநாள் நானே எடுத்துக் கொடுத்தேன், ஏனென்றால் கூப்பிட அவருக்கு வேறு வழி இல்லை.

அவர் குரல் வேறு எங்காவது இருக்குமா என்று நான் தேடிப் பார்க்காத இடமில்லை. கல்யாண வீடியோவில் பேச்சை எல்லாம் எடுத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டை ஒட்டியிருக்கிறார்கள். பாதிரியார் கேள்வி கேட்கிறார், இவர் வாய் அசைகிறது, பின்னால் டூயட் ஓடுகிறது. போனில் அவர் பேசியதெல்லாம் "வாரேன்" என்ற ஒரு சொல்தான், சொல்லி முடிப்பதற்குள் கட் ஆகிவிடும். ஆக அந்தக் குரல் இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு பெட்டியில். அவர் டிப்போவுக்குப் போனபிறகு சில நாள் அதைப் போட்டுக் கேட்பேன். வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், நாடகம் எனக்கு இரண்டாம்பட்சம். எனக்கு என் வீட்டுக்காரர் குரல் வேண்டும்.

இனி கதைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஒத்திகை தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை நாடகச் சாமான்களை எல்லாம் கோயில் முன்னால் பரப்பி மந்திரிப்பார்கள். சிலுவை, ஈட்டி, சாட்டை, கருவேல முள்ளில் செய்த முள்முடி, ஒட்டுத் தாடிகள், ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் வரிசையாக இருக்கும். இந்த வருஷம் அண்ணன், கம்ப்யூட்டரும் நாடகச் சாமான்தானே என்று அதையும் தூக்கிக்கொண்டு போனார். அண்ணன் ஊரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறார். கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் உண்டு. கமிட்டிச் செயலாளரும் அவரே. எந்த வேலையையும் பாதியில் விடமாட்டார், அதுதான் அவரிடம் உள்ள குறை. சாமியார் செபம் சொல்லி எல்லாவற்றின் மேலும் தீர்த்தம் தெளித்தார். நான் வீட்டுக்கு வந்து சோற்றை வடித்தேன். சாயங்காலம் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள்.

பிளக்கைச் சொருகிப் பொத்தானை அமுக்கினேன். ஃபேன் சுற்றியது. திரையில் கம்பெனி பெயர் வந்தது. பிறகு கருவாட்டை வெயிலில் போட்டது போல ஒரு வாடை வந்தது, 'டப்' என்று அணைந்தது. மறுபடி அமுக்கினேன். செத்த நேரம் ஃபேன் ஓடியது, நின்றது. மூன்றாம் தடவை அதுவும் இல்லை. நான் அதைத் தட்டினேன், திட்டினேன், ஸ்விட்சை மாற்றிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு விசிலை எடுத்து ஒன்றுக்கு இரண்டாக அடித்தார். கிளம்பு என்று அர்த்தம். வண்டி கிளம்பவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதைப் பார்த்ததும் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அண்ணன் ஸ்க்ரூடிரைவரோடு வந்தார்.

"ஏத்தா, இதெல்லாம் ஒரு விஷயமா? ரேமக் கழட்டி ரப்பர்ல தேச்சா ஓடிரும்."

தேய்த்தார். என் பேத்தியின், மாம்பழ வாசனை அடிக்கிற அழிரப்பர் பாதியாகத் தேய்ந்தது. ஓடவில்லை. பவர் வருகிற பெட்டியை மாற்றினார். ஓடவில்லை. பிறகு, "பதிவெல்லாம் இருக்கிறது இந்தத் தட்டுலதான்" என்று ஹார்டு டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு தன் கடைக்குப் போனார். கடைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது.

"ஏத்தா, தட்டு நல்லா இருக்கு. ஒரு பழுதும் இல்ல. ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லன்னா?"

"சுத்தமா இருக்கு. துடைச்ச மாதிரி."

"அண்ணே, மாட்டுனதும் அது ஏதாச்சும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. மரியாதையாத்தான் கேட்டுச்சு. சரின்னேன்."

வாயைத் திறந்திருந்தால் அந்தத் தவக்காலத்தில் நான் கடைப்பிடித்த ஒருசந்தி விரதமெல்லாம் வீணாகியிருக்கும். பன்னிரண்டு வருஷம் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்துப் பழகியவர், இந்தத் தடவை ஒத்திகை இல்லாமலே செய்துவிட்டார். பிறகு ஒரு நம்பிக்கை வந்தது. "அண்ணே, ஆரம்பத்துல ஒவ்வொரு வருசமும் ஒங்ககிட்ட ஒரு சி.டி. குடுத்தேனே. பத்திரமா வைங்கன்னு சொன்னேனே. அது எங்க?"

"பத்திரமாத்தான் இருக்கு. தோட்டத்துல."

தோட்டத்துக்குப் போனேன், அண்ணனும் வந்தார். திராட்சைப் பந்தலில் குருவி வராமல் இருக்கக் கயிறு கட்டி, என் ஏழு சி.டி.களும் வெயிலில் சுழன்றுகொண்டிருந்தன. ஒன்றில் என் கையெழுத்து இன்னும் லேசாகத் தெரிந்தது. கீறலும் காக்கை எச்சமுமாக இருந்தது. "குருவி வருதா?" என்று கேட்டேன். "ஒண்ணுகூட வாரதில்ல" என்றார் பெருமையாக. பின்னால் வந்த வருஷங்களுக்கு நான் கொடுத்த பென்டிரைவைக் கேட்டதற்கு, அதில் யாரோ ஒரு வீட்டுக் காதுகுத்துக்குப் பாட்டு ஏற்றிவிட்டதாகச் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் கமிட்டி கூடியது. பெரிய வெள்ளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் உயிரோடும் தொண்டையோடும் இருக்கிறார்கள், திரும்பப் பதிவு செய்துவிடலாம். ஆண்டவருக்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"நானே ரெண்டையும் பேசிர்றேன்."

சாமியார் நல்ல மனுஷர். அவர் செத்த நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஒலிவத் தோட்டத்துல காட்டிக்குடுக்குற முத்தம் குடுக்கும்போது எந்தக் குரல் எந்தக் குரலுக்குக் குடுக்கும்?" என்று கேட்டார். கமிட்டி சிரித்தது. என் வீட்டுக்காரரும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் என் காதுப் பக்கம் குனிந்து, "விட்டுரு. யாராச்சும் பேசட்டும். குரல் போச்சு, பதிவு போனா என்ன?" என்றார். சொல்லிவிட்டுப் போய்க் கொல்லையில் ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய வாழைக்கு மறுபடி தண்ணீர் ஊற்றினார். இருபத்தெட்டு வருஷமாக அவரோடு குப்பை கொட்டுகிறேன். எனக்கா தெரியாது?

மறுநாள் லீவு போட்டேன். பெட்டியைப் பழைய போர்வையில் கட்டி, டிஸ்கைக் கைப்பையில் வைத்து, அவரையும் இழுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்னக் கடை. உள்ளே முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு, பல் டாக்டர் மாதிரி ஒரு லேப்டாப்புக்குள் குனிந்திருந்தாள். எங்கள் பெட்டியைப் பிரித்து உள்ளே டார்ச் அடித்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க கடலோரமா இருக்கீங்களா?"

"இல்லம்மா. கொடைரோட்டுப் பக்கம்."

"அங்க எப்பக்கா கடல் வந்துச்சு?"

பலகை முழுவதும் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டுக் காட்டினாள். உப்பு. "உப்புத் தண்ணி உள்ள போயிருக்குக்கா. கொஞ்சம் இல்ல, நல்லா போயிருக்கு. அதோட கரண்ட்டக் குடுத்துருக்கீங்க. போர்டு அங்கேயே போயிருச்சு" என்றாள். என் வீட்டில் உப்பு அஞ்சறைப் பெட்டிப் பக்கத்தில் ஜாடியில் இருக்கிறது, அது எப்படிக் கம்ப்யூட்டருக்குள் போகும் என்று யோசித்தேன். பிறகுதான் உறைத்தது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மந்திரிச்ச அன்னைக்கு நான் போனபெறகு கம்ப்யூட்டர என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே."

"தண்ணி பட்டிருக்காமே."

"ஓ, அதுவா? அது பின் வரிசையில இருந்துச்சு, சாமியாரு கை எட்டல. எல்லாத்துக்கும் தெளிச்சுட்டு இத விட்டா நல்லாவா இருக்கும்? மிச்சத் தீர்த்தம் இருந்துச்சு, ஒரு செம்பு ஊத்துனேன்."

"உப்பு?"

"போன வருசம் அது நின்னு நின்னு ஓடுச்சுல்ல? கண்ணு பட்டிருக்கும்னு மந்திரிச்ச உப்பு ரெண்டு கை போட்டுக் கலக்கி ஊத்துனேன். ஏத்தா, வெளிய சொல்லிராத. தீர்த்தம் பட்டுக் கெட்டுப்போச்சுன்னா நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

கடைக்காரப் பெண்ணிடம் என்ன சொல்வது? அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோயில் தண்ணி" என்றேன். அவள் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, "இனிமே சந்தனம் குங்குமம் மாதிரி வெளிப்பக்கமா ஏதாச்சும் வைங்கக்கா. எங்க ஆயுத பூசைக்கு நாங்க அப்படித்தான்" என்றாள். பிற்பாடு சாமியாருக்கு விஷயம் தெரிந்தபோது அவரும் அண்ணனிடம் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார். "தீர்த்தம் தெளிக்கிறதுக்குய்யா. குளிப்பாட்ட இல்ல."

பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு டிஸ்கை எடுத்தாள். அண்ணன் ஃபார்மட் செய்ததைச் சொன்னேன். "அதுக்கப்பறம் இதுல ஏதாச்சும் ஏத்துனாங்களா? பாட்டு, படம்?" என்று கேட்டாள். நல்லவேளை, அண்ணன் ஏற்றவில்லை. அன்றைக்கு ஊரில் காதுகுத்து எதுவும் இல்லை.

"அப்பன்னா உள்ள இருக்கும்க்கா. இவங்க அழிச்சது எது எங்க இருக்குங்குற விலாசத்தத்தான். வீடு அங்கயேதான் இருக்கும். ஒவ்வொரு கதவாத் தட்டித்தான் பாக்கணும், நாளாகும். பேரு எதுவும் வராது, நம்பர்தான் வரும். எல்லாம் வரும்னும் சொல்ல மாட்டேன்." பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "என்ன சார் முக்கியமா வேணும்?" என்று கேட்டாள்.

அவர் என்னைக் கைகாட்டினார். நான் சொன்னேன், "இவரு குரல்." அவள் அவர் கழுத்தில் இருந்த தழும்பைப் பார்த்தாள். டிஸ்கின் மேல் ஒரு தாளை ஒட்டி, எங்கள் ஊர்ப் பெயரை எழுதி, தனியாக ஒரு டப்பாவில் வைத்தாள்.

ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் நான் ஆபீசில் எழுதிய டி.சி.க்களை இப்போது பார்த்தால் எத்தனை பேருக்குப் பிறந்த தேதி மாறியிருக்குமோ தெரியாது. வீட்டில் உப்பைத் தொட்டாலே எரிச்சல் வந்தது, ரசம் இரண்டு நாள் சப்பென்று இருந்தது. ஆறாம் நாள் போன் வந்தது. "அக்கா, நானூறு சொச்சம் சவுண்டு கெடச்சிருக்கு. என்ன என்னன்னு நீங்கதான் கேட்டுப் பாக்கணும்."

பள்ளிக்கூடத்தில் ஒரு லேப்டாப்பை இரவல் கேட்டு வாங்கி, சாப்பாட்டு மேஜையில் வைத்து உட்கார்ந்தேன். எல்லாவற்றுக்கும் எண்தான் பெயர். முதல் எண்ணைத் திறந்தேன். முப்பது பேர் ஒன்றாக "சிலுவையில் அறையும்" என்று கத்தினார்கள். எங்கள் தெருக்காரர்கள்தான், ஒருத்தர் குரலில் பாக்கு மெல்வதுகூடக் கேட்டது. அடுத்தது அண்ணனின் இருமல். அதற்கடுத்ததும் அண்ணனின் இருமல். ஒன்பதாவதோ பத்தாவதோ, என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை, அங்கேயே ஈரச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஆப்பரேஷனுக்குப் பிறகு அவர் தன் குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பழைய பதிவையே போட்டு ஓட்டிய இரண்டு பெரிய வெள்ளியும் அவர் நாடகத்துக்கு வராமல் டிப்போவில் டூட்டி கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். நான் அழுதேன். அவர் அழுதாரா என்று தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அவர் போய்விடுவார் என்று பயமாக இருந்தது.

மறுநாள் அவராகவே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையில், பஸ்ஸில் டிக்கெட் கணக்கு எழுதுகிற பழைய டிரிப் ஷீட்டுக் கட்டு. கோடு போட்டு, பஸ் ரூட்டைப் போலவே பாடுகளை ஸ்டேஜ் ஸ்டேஜாகப் பிரித்துவிட்டார். இராப்போசன மேஜை புறப்படும் இடம். தோட்டம் முதல் ஸ்டேஜ். தலைமைக் குரு வீடு, ஆளுநர் அரண்மனை, அங்கிருந்து மலை வரைக்கும் இடையில் சிலுவையோடு மூன்று விழுதல், மூன்றுக்கும் தனித்தனி ஸ்டேஜ். ஒவ்வொரு எண்ணையும் கேட்டு, எந்த ஸ்டேஜில் ஏறுகிறது என்று குறித்தார். ஒரு வசனம் நான்கு தடவை பேசப்பட்டிருந்தால் எது நல்லது என்று விரலைக் காட்டினார். தன் குரலை வேறு யாருடையதோ மாதிரிக் கறாராகப் பார்த்தார். "இது சரியில்ல. அடுத்தது போடு" என்று காற்றாகச் சொன்னார். நான் பன்னிரண்டு வருஷம் அவரிடம் சொன்னதையெல்லாம் அவர் இப்போது தனக்கே சொல்லிக்கொண்டார். எங்களுக்குள் சண்டைகூட வந்தது, ஆளுநர் முன்னால் நிற்கிற இடத்தில் இரண்டாவது நல்லதா மூன்றாவது நல்லதா என்று. மூன்றாவதுதான் நல்லது. இப்போதும் சொல்வேன்.

மலைக்கு வந்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிலுவையில் தொங்கிக்கொண்டு தாகம் என்று சொல்லுகிற இடம். அதற்கு ஒரே ஒரு பதிவுதான் மீண்டு வந்திருந்தது. அவர் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தார், நான் தனியாகக் கேட்டேன். அந்தக் காலத்தில் அவருக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டபோது, ஆப்பரேஷன் முடிந்து அவர் என்னிடம் சைகையில் தண்ணீர் கேட்டதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஒரு வசனம் முடிந்ததும் மூடிவிட்டேன். மிச்சத்தைக் கேட்கவில்லை, முன்னும் பின்னும் வெட்டவில்லை. அப்படியே எடுத்துக் கடைசி ஸ்டேஜில் சேர்த்தேன்.

குருத்தோலை ஞாயிறு. பவனி முடிந்து, பூசை முடிந்து, மத்தியானம் மைதானத்தில் சவுண்டு டெஸ்ட். ஊரே கையில் ஓலையோடு நின்றது, கமிட்டிக்குக் குரல் திரும்பக் கிடைத்துவிட்டது என்று செய்தி பரவியிருந்தது. அண்ணன் நான்கு மூலையிலும் குழாய் கட்டி, மிக்சருக்குப் பின்னால் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். சிலுவையில் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டி எழுத்தரை ஏற்றிக் கட்டியிருந்தார்கள். ஆறு வருஷமாக வாயசைக்கிறவர், ஒரு எழுத்து பிசகாமல் அசைப்பார். என் வீட்டுக்காரரும் வந்திருந்தார். கூட்டத்துக்குள் வராமல் வேப்பமரத்தடியில் நின்றார்.

நேராக மலை ஸ்டேஜைப் போட்டார் அண்ணன். என் வீட்டுக்காரர் குரல் நாலு திக்கிலிருந்தும் எழுந்தது. மைதானம் அடங்கியது. தாகம் என்ற சொல் வந்தது. முன்னால் நின்ற பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். நாலு மூச்சு விடுகிற நேரம் அமைதி. பிறகு, அதே குரலில், சிலுவையிலிருந்து:

"ஏய், அடுப்புல கருவாட்டுக் கொழம்ப வச்சுட்டு இங்க வந்து உக்காந்துருக்கியே, தீயிற வாட வருது பாரு! நான் இங்க தொண்ட வறண்டு போயிக் கத்திக்கிட்டு இருக்கேன், ஒனக்குச் சட்டி போனாக்கூடத் தெரியல. போயி எறக்கு, போ!"

அதற்கு ஒரு பெண் குரல், என் குரல், நாலு குழாயிலும்: "நீங்க முத தடவையே ஒழுங்காச் சொல்லியிருந்தா நான் எப்பவோ எறக்கியிருப்பேன்!"

சொசைட்டி எழுத்தர் பழக்க தோஷத்தில் கருவாட்டுக் குழம்புக்கும் வாயசைத்துவிட்டார். 'போ' என்று தலையை ஆட்டியது வரைக்கும் சரியாகச் செய்தார். ஊர் ஒரு கணம் திகைத்தது. பிறகு வெடித்தது. ஓலை பிடித்த கைகளெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டன. அண்ணன் நிறுத்துகிற பொத்தானைத் தேடிச் சத்தத்தைக் கூட்டிவிட்டார், அதனால் பதிவில் அடுத்து வந்த பாத்திரம் விழுகிற ஓசையும் என் அலறலும் கொடைரோடு வரைக்கும் கேட்டிருக்கும். சாமியார் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் மட்டும் ஆடியது. நான் மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். புனித வாரத்தில், கோயில் முன்னால், ஆண்டவர் வாயில் என் சமையலின் லட்சணம். எனக்கு இருந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவன் எதிரே வந்திருந்தால் ஈட்டியை எடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். முகம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தாகம் என்ற சொல்லோடு நிறுத்தி வெட்டினேன். அதைக் கடைசி ஸ்டேஜில் சேர்த்து இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்தேன். மிஞ்சிய துண்டு தனியாகக் கிடந்தது. "இந்தச் சனியன மொதல்ல ஒழிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே அதை அழிக்கப் போனேன். அழிக்கட்டுமா என்று அதுவும் மரியாதையாகத்தான் கேட்டது.

என் கையின் மேல் அவர் கை விழுந்தது. பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. சிரித்துச் சிரித்து அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. குனிந்து என் காதோடு வாயை வைத்தார்.

"அத அழிக்காத" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "மத்ததெல்லாம் ஆண்டவரு பேசுனது. இது ஒண்ணுதான் நான் பேசுனது."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அதைத் திரும்பப் போட்டேன்.